மெய்யும் நிகரும்

அண்மைக் காலத்தில் தமிழுக்கு வந்து சேர்ந்த கலைச்சொற்களுள் 'மெய்நிகர்' என்பது பொருட்செறிவு மிக்கது. நாம் சென்றிராத ஓர் இடத்தைக் கணினித் திரையிலோ, கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவியினுள்ளோ, நேரில் நிற்பது போலவே காட்டும் காட்சிக்கு இப்பெயர் இட்டனர். இட்டவர் யாவராயினும் இலக்கணம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. 'நிகர' என்பது நன்னூலார் எண்ணிய உவம உருபுகளுள் ஒன்று. ஆகவே மெய்நிகர் என்று சொன்ன அளவிலேயே, இது மெய் அன்று, மெய்க்கு உவமை என்னும் ஒப்புதலும் உடன் அமைந்துவிடுகிறது. உவமையால் பொருள் விளங்கும். பொருளின் இருக்கையில் உவமை ஏறி அமர்ந்துகொள்வது மரபன்று.

நிலவியலைக் கற்பிக்க இக்கருவியைப் பயன்படுத்தும் முயற்சி உலகின் பல்கலைக்கழகங்களில் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. நிலவியல் என்பது, மாணவர் பலர் மயங்குவது போலப் புவியியல் அன்று. நாடும் நகரும் மழையும் மக்களும் புவியியலின் பொருள். காலடியில் கிடக்கும் கல் எப்பொழுது, எதிலிருந்து, எவ்வாறு உண்டாயிற்று என ஆராய்வது நிலவியல். அஃது ஏட்டளவில் படித்து முடித்துவிடக் கூடிய கல்வியன்று. சுத்தியலும் உருப்பெருக்கும் ஆடியும் திசைகாட்டியும் குறிப்பேடும் கொண்டு மாணவர் மலைக்குச் செல்ல வேண்டும். அதற்கே களப்பயணம் என்று பெயர். தொலைவு, செலவு, வெள்ளம், உடற்குறை, வீட்டார் இசைவின்மை எனப் பல காரணங்களால் அப்பயணம் வாய்க்காதவர்க்கு மலையையே வகுப்பறைக்குக் கொணர்ந்தால் என்ன என்னும் வினாவிற்கு விடையாகத் தோன்றியதே மெய்நிகர்க் களப்பயணம்.

தமிழ்த்துறை மலரில் கல்லைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நிலத்தை முதற்பொருளாக வைத்து அகத்திணை வகுத்த மொழி தமிழ். அதனைக் கற்பிக்கும் நமக்கு நிலத்தைப் பற்றிப் பேச உரிமை உண்டு. தருமபுரி மாவட்டத்துப் பாறைகளுக்கு இத்தகைய மெய்நிகர்ப் பயணம் ஒன்றை உருவாக்க வேண்டும், இங்கேயே உருவாக்க வேண்டும், தமிழிலே உருவாக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதனை உருவாக்கிய பின், அதையே காரணங்காட்டி நம் பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்மக்களை, மலைக்கு அனுப்பாமல் நிறுத்திவிடலாகாது என்பது அதனினும் அழுத்தமான நம் கருத்து.

பிறர் செய்திருப்பவற்றை முதலில் சுருங்கக் காண்போம். இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அந்நாட்டு ஏரி மாவட்டத்திலுள்ள ஸ்கிடா மலையைக் கணினியில் முப்பரிமாண உருவாக்கி, மாணவர் அதன்மேல் நடந்து பாறைகளை ஆராய வழி செய்துள்ளது. பாறையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் தோன்றும் காட்சியை இணையத்தில் காட்டும் மெய்நிகர் நுண்ணோக்கியும் அப்பல்கலைக்கழகத்தாருடையதே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கினை இவ்வாறு வடித்துள்ளனர். 2020இல் பெருந்தொற்று கல்லூரிகளின் கதவை அடைத்தபோது, அதுவரை இதனை விளையாட்டெனக் கருதியிருந்த பேராசிரியர்களும் இதனிடமே அடைக்கலம் புகுந்தனர். ஆயினும் ஒன்றை நாம் மறத்தற்கில்லை. கூகுள் நிறுவனம் பள்ளிகளுக்கென 2015இல் தொடங்கிய 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்னும் மெய்நிகர்ப் பயணச் செயலி 2021 ஜூன் திங்களோடு நிறுத்தப்பட்டது. அதனை நம்பிப் பாடம் அமைத்திருந்த ஆசிரியர்கள் வேறு வழி தேட நேர்ந்தது. அயலான் கிணற்று ஏற்றத்தை நம்பி நம் வயலில் நாற்று நட்டால் இதுதான் நேரும். கிராண்ட் கேன்யன் அழகியதே. எனினும் பென்னாகரத்து மாணவி முதலில் காண வேண்டிய பள்ளத்தாக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கின்றது.

காலடியில் கிடக்கும் காலம்

தகடூர் எனச் சங்கச் சான்றோர் பாடிய இம்மண்ணை அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடாகவும், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் ஊராகவும் நாம் அறிவோம். அவ்வரலாறு ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையது. இம்மண்ணின் கல் எழுதிய வரலாறோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையது. சேலத்திலிருந்து தருமபுரி 1965இலும், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. பாறைகளுக்கு அவ்வெல்லைகள் தெரியா.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தொப்பூர்க் கணவாய் நோக்கி வருவோர் சாளரத்தின் வழியே சற்று உற்று நோக்கினால் ஒரு மாற்றத்தைக் காணலாம். வடக்கே வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக வரிவரியாய்த் தோன்றும் நைஸ் என்னும் பாறை மிகுதி. தெற்கே வரவர எண்ணெய் பூசினாற்போன்ற கரும்பச்சை நிறத்தினதாகிய சார்னோக்கைட் பாறை மிகுகின்றது. தெற்கே உள்ளவை ஒரு காலத்தில் வடக்கே உள்ளவற்றைவிட மிகுந்த ஆழத்தில் கிடந்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்தவை. பின்னர் நிலம் உயர்ந்து, மேலிருந்தவை தேய்ந்தழிந்தமையால் இன்று வெளியே தெரிகின்றன. ஆகவே அச்சாலையில் வடக்கிருந்து தெற்கே செல்வது, பழைய நிலத்தோட்டின் மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்குப் படியிறங்குவதற்கு ஒப்பாகும். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒருகாலத்தில் கிடந்த பாறையின்மேல் நின்று தேநீர் பருகுகிறோம் என்பதை அறிந்து பருகுவோர் எத்தனை பேர்?

சார்னோக்கைட் என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராய் இருந்து கல்கத்தாவில் மறைந்த ஜாப் சார்னோக் என்பாரின் கல்லறை, சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லால் ஆனது. அக்கல்லின் இனத்தை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கல்லறையில் துயில்பவரின் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். வெட்டியவன் தமிழன், தூக்கியவன் தமிழன், 'கருங்கல்' என்று அவன் அழைத்துவந்த பெயரை எவரும் கேட்டிலர். உலகம் ஏற்றுக்கொண்ட பெயரை இனி மாற்றுதல் இயலாது, வேண்டுவதும் இல்லை. ஆயினும் தன் வீட்டு வாயிற்படியும் அம்மிக்கல்லும் இதே இனமாக இருக்கக்கூடும் என்பதை அறியாமல், தேர்வுக்காக அப்பெயரை மனப்பாடம் செய்யும் மாணவனைக் காணும்போது வருத்தமே மிகுகின்றது.

ஒகேனக்கலுக்கு வருவோம். கன்னடத்தில் 'ஒகே' என்றால் புகை. நீர்த்திவலை புகையென எழும் கல் என்பது பெயரின் பொருள். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். அருவியைக் காணவும் பரிசலில் செல்லவும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் மீன் வறுவல் உண்ணவும் ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். அவ்வட்டாரத்தில் கார்பனடைட் என்றோர் அரிய பாறை இருப்பதைத் திரள்வோரில் அறிந்தோர் சிலரே. பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் போன்றது; நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டால் சுண்ணாம்புக்கல் போலவே நுரைக்கும். பிறப்போ முற்றிலும் வேறு. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் படிந்தது. இதுவோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாய் மேலெழுந்து உறைந்தது. இன்றைய உலகில் இத்தகைய குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியா நாட்டின் ஓல்டோய்ன்யோ லெங்காய் ஒன்றே. ஒகேனக்கல் கார்பனடைட்டின் அகவை ஏறக்குறைய 240 கோடி ஆண்டு என 1998இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. உலகில் அறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட்டுகளுள் அதுவும் ஒன்று. அண்டையிலுள்ள திருப்பத்தூர்ப் பகுதியின் சேவாத்தூரிலும் இவ்வினப் பாறை உண்டு; அஃது ஏறக்குறைய 77 கோடி ஆண்டுதான், ஒகேனக்கலோடு வைத்து எண்ணினால் பேரப்பிள்ளை.

இவற்றோடு, பழைய பாறைகளின் வெடிப்புகளில் நீண்ட சுவர்போலப் புகுந்து உறைந்த டோலரைட் என்னும் கரும்பாறைகளும், அரூர் – ஊத்தங்கரைப் பகுதியின் மாலிப்டினக் கனிமமும் உள. விரிப்பின் பெருகும்.

இத்தனை செல்வமும் என்றும் இருக்கும் என எண்ணுதல் வேண்டா. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல் மெருகேறி அயல்நாடுகளுக்குக் கப்பலேறுவதை யாவரும் அறிவர். கல்குவாரிகளால் பல குடும்பங்களில் அடுப்பெரிகிறது. அதனை நாம் பழிக்க வரவில்லை. ஆயின் ஆசிரியர் ஒருவர் இருபது ஆண்டாக மாணவரை அழைத்துச் சென்று காட்டிய குன்றின் முகம் ஒரு கோடை விடுமுறைக்குள் மறைந்துபோதல் நேரத்தான் செய்கிறது. மறைவதற்குமுன் எல்லாப் பக்கங்களிலும் படமெடுத்து, அளவோடு முப்பரிமாண உருவாக்கி வைத்தால், கல் போனாலும் சான்று எஞ்சும். இந்தக் காரணம் ஒன்றே நாம் விரைந்து தொடங்கப் போதுமானது.

கால் செல்லாத இடங்கள்

மெய்நிகர்ப் பயணத்தின் உண்மையான பயன் கால் செல்லாத இடத்தில்தான் என்பது நம் துணிபு. ஆடி, ஆவணியில் காவிரி பெருகும்போது ஒகேனக்கலில் பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பது நமக்குப் பழகிய செய்தி. கல்லூரியாண்டு தொடங்குவதும் அப்பொழுதே. பாறைப்படுகை வெளியே தெரியும் கோடையிலோ கல்லூரி விடுமுறையில் இருக்கும். தொப்பூர்க் கணவாயில் சாலைக்காக வெட்டிய சுவர்களில் பாறையின் உள்ளமைப்பு தெளிவாகத் தெரியும். விரையும் சரக்குந்துகளின் ஓரத்தில் நாற்பது மாணவரை நிறுத்திப் பாடம் நடத்த எந்த ஆசிரியரும் துணியார். 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவிய பாறையினூடே முனைவாக்கிய ஒளி பாயும்போது தோன்றும் வண்ணங்களை ஒருவர் பின் ஒருவராய் வரிசையில் நின்று, ஒரே நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். இவ்விடங்களிலெல்லாம் படக்கருவி செல்லட்டும்.

இன்னும் ஆழமான இடம் ஒன்று உண்டு. அஃது ஆழ்துளைக் கிணற்றின் அடி. நம் மாவட்டத்தில் பல ஊர்ப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் காணாத ஆசிரியர் இலர். சிரிக்கும்போது கைக்குட்டையால் வாயை மறைக்கும் மாணவியரை எல்லா வகுப்பிலும் காணலாம். வெற்றிலைக் கறையோ துப்புரவுக் குறைவோ அன்று. நீரில் மிகுந்த ஃபுளோரைடு. அதன் ஊற்று நாம் மேலே வருணித்த இதே பாறைகள்தாம். பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் முதலிய கனிமங்களில் ஃபுளோரின் கலந்திருக்கிறது. மழை குறைந்த நிலத்தில் நீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, காரத்தன்மை மிகுந்து, சுண்ணச்சத்துக் குறையும்போது ஃபுளோரைடு எளிதில் கரைந்து சேர்கிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரைப் பல் முளைத்து உருவாகும் பருவத்தில் தொடர்ந்து பருகிய குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் அக்கறை நிலைக்கும். மிகுதியானால் எலும்பையும் வளைக்கும். இக்கொடுமையைத் தணிக்கவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் வந்தது. குழாயில் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றை நாடுவோர் இன்னும் உளர்.

நம் நாட்டு நிலவியல் மெய்நிகர்ப் பயணம் இவ்விடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நாம் சொல்வோம். மழைத்துளி ஒன்றோடு மாணவனும் இறங்கட்டும். செம்மண்ணைக் கடந்து, சிதைந்த பாறையைக் கடந்து, முடியளவு வெடிப்பில் நுழைந்து, கனிமத்தின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி, பின் மின்விசைக் குழாயால் இழுக்கப்பட்டுத் தன் தங்கையின் குவளையில் வந்து விழட்டும். அப்பாதையைக் கண்ட மாணவனுக்கு நிலவியல் எதற்கு என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

வினை, பயன், மெய், உரு

உவமை தோன்றும் வகைகளைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். இந்நான்கையும் மெய்நிகர்க் கருவிக்கு உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். இன்று சந்தைக்கு வரும் மெய்நிகர்க் காட்சிகளுட் பெரும்பாலன மெய்யையும் உருவையும் மட்டுமே ஒத்திருக்கின்றன. மலையின் வடிவம் உண்டு, நிறம் உண்டு. தலையைத் திருப்பினால் வானமும் உண்டு. மாணவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வாய்பிளந்து பார்த்துவிட்டுக் கருவியைக் கழற்றி வைக்கிறான். இதனைச் சுற்றுலா என்னலாம், களப்பயணம் என்னலாகாது.

களப்பயணத்தின் உயிர் வினை. தட்டுதல், உடைத்தல், முகர்தல், அமிலம் விடுதல், பாறையின் வரிகள் எத்திசை நோக்கி எத்தனை பாகை சாய்கின்றன என அளத்தல், குறிப்பேட்டில் வரைதல், இவற்றினும் மேலாக, எங்கே நின்று பார்ப்பது எனத் தானே முடிவு செய்தல். நம் சிற்பியர் கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே ஆண்கல், பெண்கல் என இனம் பிரித்தனர். அவர்தம் செவி பெற்ற பயிற்சியை எந்தத் திரை தரும்?

ஆகவே கருவியை உருவாக்குவோர் மாணவனுக்கு வேலை கொடுக்க வேண்டும். திரையிலுள்ள பாறையில் திசைகாட்டியை வைத்து அளக்கச் செய்யலாம். நைஸ் முடிந்து சார்னோக்கைட் தொடங்கும் இடத்தில் அவனையே கோடு கிழிக்கச் சொல்லலாம். தவறாகக் கிழித்தால் உடனே விடையைச் சொல்லாமல், நூறடி தள்ளியுள்ள மற்றொரு பாறைக்கு அவனை அனுப்பலாம். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் ஒன்றோ, குறைந்தது ஒரு சுத்தியலோ இருத்தல் கட்டாயம். அஃதில்லாத படத்தில் கூழாங்கல்லும் குன்றும் ஒன்றுபோலவே தோன்றும். கருவியோடு மரப்பெட்டி ஒன்றும் செல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதில் நம் மாவட்டத்துக் கற்கள் பத்து, பத்து மடங்கு பெருக்கும் ஆடி ஒன்று, ஆசிரியர் கையாளும் அமிலக் குப்பி ஒன்று. திரையில் ஒகேனக்கலைக் காணும் அதே நேரத்தில் கையில் ஒகேனக்கல் கல் கனக்க வேண்டும். உள்ளங்கையில் அதன் குளிர்ச்சி படாமல் கல்லறிவு முழுமை பெறாது.

செய்முறை அத்துணை அரிதன்று. 360 பாகையும் ஒருசேரப் படம்பிடிக்கும் கருவிகள் இன்று கையடக்கமாகக் கிடைக்கின்றன. ஒரு பாறையைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் பெரும்பகுதியை உள்ளடக்குமாறு நூற்றுக்கணக்கில் எடுத்தால், கணினியே அவற்றை இணைத்து முப்பரிமாண உருவாக்கித் தரும். நல்ல கைப்பேசியே அதற்குப் போதும். ஆளில்லா வான்கலத்தை ஏவுவதானால் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி இசைவு பெறுதல் வேண்டும். காப்புக்காடும் இருமாநில எல்லையும் கூடும் இடமாதலின் வனத்துறையையும் கேட்டாக வேண்டும். கேட்டுப் பெறும் வரையில் தரையிலிருந்து எடுப்பவற்றைக் கொண்டே தொடங்கலாம். உருவாக்கியவற்றைக் கல்லூரியிலேயே சேமித்து வைத்தல் வேண்டும். இணையம் அறுந்தாலும் அவை ஓட வேண்டும். சித்தேரி மலைப் பள்ளிக்கு ஒரு சிறு தட்டில் எடுத்துச் செல்லவும் இயல வேண்டும்.

தமிழ்த்துறையின் பங்கு

படம் பிடிப்போர் வேறு, பாறை அறிந்தோர் வேறு, பேசுவோர் யாவர்? படத்தின் பின்னே ஒரு குரல் வழிகாட்ட வேண்டுமன்றோ? அக்குரல் ஆங்கிலப் பாடநூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழாக இருந்தால், மாணவன் இரு மொழியிலும் விளங்காமல் எழுந்து செல்வான். தமிழால் அறிவியல் சொல்ல இயலும் என்பதைப் பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராய் இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும், கோவையிலிருந்து வெளிவந்த 'கலைக்கதிர்' இதழும் என்றோ காட்டிவிட்டன. நமக்கு எஞ்சியுள்ள பணி, பாடநூற் சொல்லையும் கல்லுடைப்போர் சொல்லையும் ஓரிடத்தில் சந்திக்க வைப்பது. கல் எப்பக்கம் அடித்தால் நேராகப் பிளக்கும் என்பதைத் தலைமுறையாய் அறிந்தவர்கள் நம் குவாரிகளில் உளர். அவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டுக் குறித்துவரும் பணியைத் தமிழ் இலக்கிய மாணவர் மேற்கொள்ளலாம். வீட்டில் உருதும் தெலுங்கும் கன்னடமும் பேசி வரும் மாணவர் நம்மிடையே மிகுதி. அவர்தம் வீட்டில் அதே கல்லுக்கு வழங்கும் பெயரையும் உடன் சேர்த்தல் அழகு. ஊர்ப்பெயரே கன்னடமாக இருக்க, மொழித்தூய்மை பேசி அதனைத் தவிர்ப்பதில் நமக்கு உடன்பாடில்லை.

நடுகல் மிகுந்த மாவட்டம் நம்முடையது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள் வீரர்தம் உருவம் தாங்கிய கற்களைக் கண்டிருப்பர். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகக் கூறுகிறது. முதல் நிலை காட்சி, அதாவது தக்க கல்லைத் தேடிச் சென்று காணுதல். எழுத்துப் பொறிப்பதும் நீராட்டுவதும் வாழ்த்துவதும் அதன் பின்னரே. நாம் முன்மொழியும் பயணத்திற்கும் இவ்வரிசை பொருந்தும். மெய்நிகர் என்பது நடுகல்லில் பொறித்த உருவம் போன்றது. அதனை உருவாக்குவோர் முன்னதாகக் கல்லிடம் சென்றிருக்க வேண்டும். அதனைக் கண்டோர் ஒரு நாளேனும் கல்லிடம் செல்ல விரும்ப வேண்டும்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

இனி நம் நெஞ்சில் உறுத்தும் செய்திக்கு வருவோம். இத்தகைய கருவி வரப்போகிறது என்று சொன்ன அளவில் நம் சமுதாயப் பெரியோர் சிலர் மகிழ்வர். "அல்ஹம்துலில்லாஹ், இனிப் பெண்பிள்ளைகளை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும்" என்பர். அம்மகிழ்ச்சியில் தீய எண்ணம் எதுவும் இல்லை என்பதை நாம் அறிவோம். மகளைப் பெற்றவர்தம் அச்சம் அது. ஆயினும் அவ்வழியே சென்றால், ஆண்மக்களுக்கு மலை, பெண்மக்களுக்குத் திரை என்று கல்வி இரண்டாய்ப் பிளக்கும். பிளந்த பின், "களப்பணி அறியாதவளுக்கு வேலை எப்படித் தருவது?" என்று அதே உலகம் கேட்கும்.

துணையின்றிப் பெண் நெடும்பயணம் மேற்கொள்வது பற்றி ஆலிம் பெருமக்கள் கூறுவதை நாம் இங்கு விவாதிக்க வரவில்லை. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். தொழுகையைச் சுருக்கித் தொழும் கஸ்ர் சலுகைக்குரிய தொலைவுகூட அன்று. காலையில் புறப்பட்டு, லுஹர் தொழுகையை ஆற்றங்கரையில் முடித்து, மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிடலாம். பேராசிரியைகள் உடன் வருவர். அன்னையர் விரும்பினால் அவர்களும் வரட்டும், இருக்கை ஒதுக்குவோம்.

பூமியில் பயணம் செய்து, கண்டவற்றைக் கொண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. ஓரிடத்தில் படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதையே அப்பயணத்தின் பொருளாக வைக்கிறது. அத்தூண்டுதலை ஏற்ற முன்னோர் என்ன செய்தனர் என்பதற்கு அல்பிரூனி ஒருவரே சான்று. கி.பி. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலில், மலையடிவாரத்தில் ஆற்றுக் கற்கள் பெரியனவாகவும், மலையைவிட்டு விலக விலகச் சிறியனவாகவும், முகத்துவாரத்தருகே மணலாகவும் இருப்பதைச் சுட்டி, வடஇந்தியச் சமவெளி முன்னொரு காலத்தில் கடலாக இருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கருவி ஏதும் இல்லை. கண்ணும் காலும் கல்லும் மட்டுமே. அவருடைய காலத்தவரான இப்னு சீனா, மலைகள் எவ்வாறு உண்டாகின்றன என்றும், நீர் அவற்றை நெடுங்காலத்தில் எவ்வாறு அரிக்கின்றது என்றும் எழுதி வைத்தார். இவ்விருவர் பெயரையும் மீலாது விழா மேடைகளில் பெருமையோடு முழங்குகிறோம். அவர்கள் செய்த வினையை நம் மகள் செய்யப் புறப்படும்போது மட்டும் தயங்குவானேன்?

உடற்குறையுடைய மாணவர்க்கும், முதுமையால் படியேற இயலாதவர்க்கும், வெள்ளக் காலத்திற்கும், தொலைவிலுள்ள ஊர்களுக்கும் திரை வழி பயணம் பெரும்பேறு. சக்கர நாற்காலியில் வரும் மாணவி பாறை விளிம்பில் நிற்பதை இக்கருவியின்றி எண்ணிப் பார்க்கவும் இயலாது. அவர்களுக்காகவே இதனை முதலில் செய்ய வேண்டும். ஏனையோர் இதனைப் புறப்படுமுன் ஒருமுறையும் திரும்பியபின் ஒருமுறையும் காண்பது முறை. முன்னே கண்டால் எதைத் தேடுவது என்று தெரியும். பின்னே கண்டால் எதைத் தவறவிட்டோம் என்று தெரியும்.

முதற்பயணத்தை யார் படம்பிடிப்பது என்பதற்கும் நம்மிடம் விடை உண்டு. நிலவியல் அறிந்த ஆசிரியர் ஒருவரை அண்டைக் கல்லூரியிலிருந்து அழைத்துக்கொண்டு, கணினித்துறை மாணவியரும் தமிழ்த்துறை மாணவியரும் சேர்ந்து செல்லட்டும். ஒருத்தி முக்காலியை நிறுத்துவாள். ஒருத்தி அளவுகோலைப் பிடிப்பாள். ஒருத்தி பாறையின் கதையைத் தன் தமிழில் சொல்லிப் பதிவு செய்வாள். சித்திரைத் திங்களில் ஆற்றில் நீர் வற்றிப் பாறைப்படுகை நன்கு வெளிப்படும். ஆடிப் பெருக்குக்கு முன் மூன்று, நான்கு பயணங்கள் போதும். கல்லூரியின் பேருந்து உள்ளது. எரிபொருளுக்கும் பகலுணவுக்குமான செலவை ஊருக்கு ஒரு நாள் என ஜமாஅத்துகள் ஏற்றுக்கொண்டால், வரும் சித்திரையிலேயே தொடங்கிவிடலாம்.